ஆடிக் காற்றும் ஆறு–ஐந்தும்: நாகர்கோவிலில் ஒரு வாரம்

நாள் 1, திங்கள்

நேற்று சாயந்திரம் எழும்பூரில் ஏறிய கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வள்ளியூர் தாண்டியதும் தூக்கம் கலைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள். ஒன்றிரண்டல்ல, கண்ணுக்கெட்டிய மட்டும். மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் இடைவெளி விட்டுக்கொடுக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வருகிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். எனக்கு அவற்றைப் பார்த்ததும் மின்சாரம் ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

சனிக்கிழமைதான் மேட்ச். கல்லூரி முடித்ததிலிருந்து நானும் நண்பன் 'வாத்தியாரும்' வருஷத்துக்கு ஒரு தடவை டென்னிஸ் ஆடுகிறோம், ஒரு வருஷம் சென்னையில், அடுத்த வருஷம் இங்கே. இதுவரை 17. அவன் 9, நான் 8. தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு குலை செந்துளுவன் வாங்கித் தர வேண்டும். (சென்னையில் இதைச் செவ்வாழைத் தார் என்போம். இங்கே அப்படிச் சொன்னால் கடைக்காரரே சிரிக்கிறார்.) ஐந்து செட், மூன்று செட்டெல்லாம் போன காலம். முழங்கால் சம்மதிப்பது ஒரே ஒரு செட்டுக்குத்தான்.

வாத்தியார் தோவாளைப் பக்கம் ஒரு உதவிபெறும் பள்ளியில் கணினி ஆசிரியர். நான் சென்னையில் வலைத்தளங்கள் கட்டிப் பிழைப்பவன். இந்த முறை அவன் போனிலேயே நிபந்தனை போட்டிருந்தான்: "மக்கா, ஒரு வாரம் முன்னாலயே வந்து என் பிள்ளையளுக்கு கிளாஸ் எடு. சனிக்கிழமை உன்னத் தோக்கடிச்சு ரயிலேத்தி விடுதேன்."

வீட்டில் மரச்சீனியும் சாளைக் குழம்பும். அவன் அம்மா, "நல்லா தின்னுங்க மக்களே" என்று தட்டைக் காலியாக விடவில்லை. இந்தப் பக்கம் ஒற்றை ஆளையும் 'மக்களே' என்றுதான் பாசமாகக் கூப்பிடுவார்கள். முதல் தடவை வந்தபோது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் போனை வாங்கி அவன் பள்ளியின் தளத்தைத் திறந்தேன். என் பழக்கம் இது. புதுத் தளம் எதையும் என் மடிக்கணினியில் முதலில் பார்க்க மாட்டேன், வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில்தான் பார்ப்பேன். ஆண்டு விழாப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா பாத்திரம் கழுவி, மொட்டை மாடித் துணியை எடுத்துவந்து மடித்தும் ஆயிற்று. அப்போதும் பாதிப் படங்கள் வரவில்லை.

காரணம் புதிதல்ல. 26 படங்கள், போன் கேமராவில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. மொத்தம் 100 எம்பிக்கு மேல். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸில் அகலம் 300 என்று எழுதியிருந்ததால் திரையில் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் இறங்குவது முழுப்படம். ஒரு முழம் பூ கேட்டவருக்குத் தோவாளைச் சந்தையிலிருந்து மூட்டையையே அனுப்பிவிட்டு, வேண்டியதைக் கிள்ளிக்கொள் என்கிற கதை.

ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வலைக்கென்றே உள்ள வெப்பி என்ற பட வடிவத்தில் தரம் 80 வைத்து மாற்றினோம். ஒவ்வொன்றும் சுமார் 150 கேபிக்கு வந்தது. மேலே முதலில் தெரிகிற படத்தைத் தவிர மற்றதற்கெல்லாம் 'லோடிங் லேசி' போட்டோம், அதாவது உருட்டிப் பக்கத்தில் வரும்போது இறங்கினால் போதும். முதல் படத்துக்கும் சேர்த்துப் போடுவது பலர் செய்கிற தப்பு, திறந்த உடனே தெரிய வேண்டியது அதுதானே. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை எச்டிஎம்எல்லிலேயே எழுதினோம். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது வாசித்துக்கொண்டிருக்கிற வரி கீழே குதித்துவிடும். நிரலாக்கம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்த்த பள்ளித் தளங்களில் பாதிக்கு வேண்டிய வைத்தியம் இதுதான்.

அம்மா மறுபடி திறந்தார். "இப்பம் கொள்ளாம்" என்றார். எனக்கு அதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

நாள் 2, செவ்வாய்

லேபில் 14 கணினிகள், ஓடுவது 11. பிள்ளைகள் 22 பேர். கணக்கு சரியாக இருந்தது.

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை முதன்முறையாகப் பொறுமையாகப் புரட்டினேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சர்வரில் ஓடுகிற பிஎச்பி மொழி. நாங்கள் கல்லூரியில் தட்டுத்தடுமாறிக் கற்றதை இவர்கள் பள்ளியிலேயே தொட்டுவிடுகிறார்கள். ஆனால் புத்தக எடுத்துக்காட்டுகளில் வருகிற சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) பெரும்பாலும் ஆங்கிலம். தமிழை உள்ளே விட்டதும்தான் வேடிக்கை தொடங்குகிறது.

முதல் வேடிக்கை நோட்பேடில். ஆளாளுக்கு ஊர்ப் பெயரைத் தலைப்பாக வைத்துப் பக்கம் செய்தார்கள். சேமித்துத் திறந்தால் திரை முழுக்கக் கேள்விக்குறி. லேப் கணினிகள் பழசு. பழைய நோட்பேட் சொல்லாமல் விட்டால் 'ஆன்சி' என்கிற பழைய குறிமுறையில்தான் சேமிக்கும், தமிழுக்கு அங்கே இடமில்லை. சேவ் அஸ் போய், கீழே என்கோடிங்கில் எல்லா மொழிக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, பக்கத்தின் தலையிலும் கேரக்டர்செட் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். இரண்டையும் செய்துவிட்டால் தகராறு இல்லை.

இரண்டாவது வேடிக்கைதான் பெரிசு. 'நாகர்கோவில்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொன்னேன். முதல் வரிசைப் பெண் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"சார், நா, க, ர், கோ, வி, ல். ஆறுதான வருது? இது பதினொண்ணுங்குது."

பக்கத்து கணினியில் இருந்தவன், "எனக்குப் பன்னெண்டு சார்" என்றான்.

இரண்டு பேரும் சொன்னது சரி. கணினி எண்ணுவது நாம் சொல்கிற எழுத்தை அல்ல. 'நா' என்பது அதற்கு ந ஒன்று, கால் ஒன்று. 'ர்' என்றால் ர ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிக் கூட்டினால் 11. அந்தப் பையனின் கணினியில் இருந்த விசைப்பலகை மென்பொருள் 'கோ'வின் குறியை ஒரே குறியாக அடிக்காமல் இரட்டைக்கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடித்திருந்தது. அதனால் 12. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதால், வட்டில் இதே சொல் அவளிடம் 33 பைட், அவனிடம் 36. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பள்ளித் தளத்தின் செய்திப் பட்டியைக் காட்டினேன். தலைப்பு நீண்டால் வெட்டி 'மேலும்' போடுகிறது. வெட்டுவது பைட் கணக்கில். 33 பைட் சொல்லை 20ஆவது பைட்டில் வெட்டினால் 'நாகர்க' வரை வந்து, அடுத்த குறியின் நடுமண்டையில் கத்தி இறங்கும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று முளைக்கும். குறிக் கணக்கில் பத்தில் வெட்டினாலோ கடைசிப் புள்ளி போய் 'நாகர்கோவில' என்று வாயைத் திறந்தபடி நிற்கும். பிஎச்பியில் பைட் கணக்கில் வெட்டுகிற வெறும் 'சப்ஸ்டர்' வேண்டாம், முன்னால் 'எம்பி' (மல்டிபைட்) சேர்த்த, குறிக் கணக்கில் வெட்டுகிற செயற்கூறும் பாதிக் கிணறுதான். 'கிராஃபீம்' என்று தொடங்கும் செயற்கூறுகளே எழுத்தை எழுத்தாக எண்ணும். உலாவிக்குள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே வேலைக்கு 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் 2024இல் வந்துவிட்டதால் இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். அதுவும் 'லக்ஷ்மி'யில் க்-ஐயும் ஷ்-ஐயும் இரண்டாகத்தான் பிரிக்கும் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் என்னைக் கேட்டால், தலைப்பை நிரலால் வெட்டாமலே விடலாம். இரண்டு வரிக்கு மேல் போனால் மறை என்று சிஎஸ்எஸ்ஸிடம் சொன்னால் போதும். தமிழைக் கத்தியோடு அணுகாமல் இருப்பதே பாதி வேலை.

சாயந்திரம் கோர்ட்டுக்குப் போனோம். ஊருக்குள் ஒரு பழைய கிளப்பின் மண் கோர்ட், தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். ஆடவில்லை, சும்மா தட்டினோம். சர்வீசுக்குப் பந்தை மேலே போட்டால் அது என்னைக் கேட்காமல் நகர்ந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம், டென்னிஸ் பந்து எம்மாத்திரம். கிளப் மார்க்கர் (ஆட்டத்துக்கு உதவியாள்), அறுபது தாண்டியவர், வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சாரே, காத்து முதுகுல இருந்தா டாஸ இத்திரி பின்னால போடணும், கேட்டீங்களா" என்றார். கேட்டேன். கேட்டதோடு சரி.

நாள் 3, புதன்

மழை. கோர்ட் குளமாகிவிட்டது. கடையில் ரசவடை. கண்ணாடிக் கிண்ணத்தில் சூடான ரசத்துக்குள் பருப்புவடை மூழ்கிக் கிடக்கும், ஸ்பூனால் குத்தினால் ஊறிய ஓரம் முதலில் உடையும். இன்றைக்கு டென்னிஸ் இல்லை என்ற துக்கம் இரண்டாவது வடையோடு போய்விட்டது.

பள்ளி அலுவலகத்தில் கிளார்க் அக்கா ஒரு பிராது வைத்திருந்தார். மாணவர் பட்டியலில் 'கோமதி' என்று தேடினால் ஐந்து பேரில் மூன்று பேர்தான் வருகிறார்கள். இரண்டு கோமதிகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், தேடலுக்குத் தெரியவில்லை. நேற்றைய 11, 12 கதைதான். பழைய பதிவேடுகளை யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பின்னால் யாரோ யூனிகோடுக்கு மாற்றியபோது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'நார்மலைஸ்' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அதைக் கொடுத்தால் இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போது ஒரு தடவை, தேடும் சொல்லுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் வேலை. ஐந்து கோமதிகளும் வந்தார்கள்.

அக்கா அடுத்து 'கௌசல்யா' என்று அடித்தார். நாலில் ஒன்று.

இங்கேதான் நான் சறுக்கினேன். 'கௌ'வை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்திருக்கிறார்கள். பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அந்த ள உண்மையான ள, அதனால் நார்மலைஸ் அதைத் தொடாது. சரி, ஒற்றைக்கொம்பை அடுத்து ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரே வரி எழுதி முழுத் தரவுத்தளத்திலும் ஓட்டினேன். நாலு கௌசல்யாவும் வந்தார்கள். பெருமையாக நாற்காலியில் சாய்ந்தேன்.

அக்கா முகவரிப் பத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சார், வெள்ளமடத்துக்கு என்ன ஆச்சு?"

வெள்ளமடம் பக்கத்து ஊர். பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். 'வெள்ளமடம்' என்பதிலும் ஒற்றைக்கொம்பை அடுத்து ள இருக்கிறதே! ஊரே உருக்குலைந்து கிடந்தது. கூடவே 'வெள்ளிக்கிழமை'யும். நல்லவேளை, ஓட்டுவதற்கு முன் நகல் எடுத்திருந்தேன். இருபது வருஷத்தில் உருப்படியாகக் கற்ற ஒரே பாடம் அதுதான் போலிருக்கிறது. பழையதைத் திருப்பிப் போட்டு, பெயர்ப் பத்தியில் மட்டும் சந்தேகப் பெயர்களைப் பட்டியலெடுத்து, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். 31 பெயர்கள். முக்கால் மணி நேரம். என் ஒற்றை வரி நிரல் மிச்சம் பிடித்ததைவிட அக்காவின் கண் மிச்சம் பிடித்தது அதிகம்.

அவருக்கு இன்னொரு சின்ன உபகாரமும் செய்தேன். தளத்திலிருந்து இறக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ் இருக்கிற இடமெல்லாம் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துக் குப்பை. கோப்பின் தொடக்கத்தில், இது யூடிஎஃப்-8 என்று அடையாளம் சொல்கிற 'பாம்' என்ற மூன்று பைட்டைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இதற்காகவே அவர் ஒரு வருஷமாகப் பட்டியலைக் கையால் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

சேர்க்கைப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று இருந்ததையும் எடுத்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். பெற்றோர்கள் அந்தப் பெட்டியில் ஊர், புள்ளி, 'இல்லை' என்று எதையெதையோ நிரப்பியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் கடைசிப் பெயரே 'தெரியாது'.

நாள் 4, வியாழன்

காலையில் வாத்தியாருக்குப் பள்ளி. நான் மட்டும் ஊர் சுற்றினேன்.

நாகர்கோவிலில் வழி கேட்டால் பள்ளியை வைத்துத்தான் சொல்கிறார்கள். 'டதி ஸ்கூல் கிட்ட எறங்குங்க' என்றார் நடத்துநர். அந்தப் பெண்கள் பள்ளி 1819இல் தொடங்கியது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிக்குப் போகிறது. 1893இல் கல்லூரியானது. 1820களில் இதே ஊரில் லண்டன் மிஷனின் அச்சகம் ஓடியிருக்கிறது. ஈய அச்சில் தமிழைக் கோத்தவர்களுக்கு 'கோ' என்பதற்கு முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு கட்டை. 200 வருஷம் கழித்து நேற்று நான் அதே கொம்பையும் காலையும் ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். ('தௌ'வை இப்போது இரண்டு தடவை பார்த்துத்தான் அடிக்கிறேன்.)

அன்றைக்கு இது திருவிதாங்கூர். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. இன்னமும் பேச்சில் பாதி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியார் சோறு போட மாட்டான். ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில், 1937இல். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார், அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கியதும் அவர்களேதான். 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் ஜெய்தீப் முகர்ஜியோடு சேர்ந்து இரட்டையரில் நியூகோம்ப், ரோச் ஜோடியை வீழ்த்தினார். மகன் ரமேஷும் 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். கிருஷ்ணன் பலத்தால் அடித்தவரில்லை, பந்தை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் ஆட்டம்.

வாத்தியாரும் அப்படித்தான் ஆடுகிறான் என்பது அவன் நினைப்பு. 17 வருஷமாக நான் கேட்கிற வசனம்: "இது கிருஷ்ணன் பொறந்த மண்ணாக்கும்." சரிடா, மண்ணில் பிறந்தது அவர்.

மத்தியானம் டீக்கடையில் ஒருவர் மகளின் பருவத் தேர்வு மதிப்பெண்ணைப் போனில் பெருமையாகக் காட்டினார், வேறொரு பள்ளியின் பக்கம். முகவரியின் கடைசியில் பதிவு எண் நிற்பதைப் பார்த்தேன். கைவிரல் அரித்தது. அவரிடம் சொல்லிவிட்டு ஓர் எண்ணைக் கூட்டினேன். அடுத்த பிள்ளையின் மதிப்பெண், அப்பா பெயர், போன் எண் எல்லாம் வந்து விழுந்தது. உடனே மூடிவிட்டேன். பிறந்த தேதியும் கேட்டிருக்கலாம். கேட்டாலும் அதை சர்வர் பக்கத்தில் சரிபார்க்க வேண்டும், ஐந்தாறு தடவை தப்பாக வந்தால் நிறுத்திவைக்க வேண்டும். பெட்டியை மறைத்துவைப்பது பூட்டு ஆகாது. வாத்தியார் மூலமாக அந்தப் பள்ளிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

நாள் 5, வெள்ளி

கடைசி வகுப்பு. நாளைக்கு எங்கள் மேட்சின் ஸ்கோரைப் போனில் காட்டுகிற பக்கத்தை நீங்களே கட்டுங்கள் என்றதும் லேப் எழுந்து நின்றது.

டென்னிஸ் ஆடாத பிள்ளைகளுக்கு ஸ்கோர் புரியவைக்கவே பத்து நிமிஷம். "சார், 15, 30, அப்புறம் ஏன் 45 இல்ல?" என்று கேட்டான் ஒருவன். நியாயம்தான். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தேன். எல்லோரும் செய்த முதல் காரியம், 15ஐக் கூட்டுவது. 15, 30, 45. 45 வந்தால் 40 என்று மாற்று. பிறகு டியூஸ் (40–40) வந்தால்? அட்வான்டேஜ் (டியூஸுக்குப் பின் ஒரு பாயின்ட் முன்னிலை) வந்தால்? அதற்கொரு 'இஃப்' நிபந்தனை, இதற்கொரு 'இஃப்'. அரை மணியில் நிரல் கொடிப்பந்தல் மாதிரி ஆகிவிட்டது.

பலகையில் எழுதினேன். 15 என்பது எண் அல்ல, பெயர். உள்ளே 0, 1, 2, 3 என்று சாதாரணமாக எண்ணிக்கொள். நாலு அல்லது அதற்கு மேல் எடுத்து, எதிராளியைவிட இரண்டு முன்னால் இருந்தால் கேம். இந்த ஒரே வரியில் டியூஸும் அட்வான்டேஜும் தாமாக அடங்கிவிடும். திரையில் காட்டும்போது மட்டும் 1க்குப் பதினைந்து, 2க்கு முப்பது என்று பெயர் சூட்டு. அழிக்கிறவர்கள் 'இஃப்'களை அழிக்கிற சத்தம் லேப் முழுக்க. எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது.

அடுத்து முதல் வரிசைப் பெண் (11 கேட்டவள்) ஒரு கேள்வி போட்டாள். "தப்பா அமுக்கிட்டா பின்னால போகணுமே சார்? கேம் முடிஞ்ச பொறவு அமுக்கிட்டா?"

அதற்கு, ஸ்கோரையே சேமிக்காதே என்றேன். யார் பாயின்ட் எடுத்தார் என்ற வரிசையை மட்டும் சேமி. வ, செ, செ, வ. வாத்தியாருக்கு வ, சென்னைக்கு செ. ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்து ஓட்டி ஸ்கோரைக் கணக்கிடு. ஒரு செட்டில் நூறு சொச்சம் பாயின்ட்கூட இருக்காது, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தப்பா? கடைசி எழுத்தை எடுத்துவிடு. அந்த வரிசையை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுவைத்தால் போன் அணைந்தாலும் போகாது.

மணி அடிக்கிற நேரத்தில் 6–2, 6–4 என்று இரண்டு செட் ஓட்டிப் பார்த்தோம். சரியாக வந்தது. 6–6 வந்தால் செட்டை முடிவுசெய்கிற டை-பிரேக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

நாள் 6, சனி

காலை ஆறரை. மழையில்லை. காற்று மட்டும் மணிமேடைக் கொடிகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒன்பது பேர், கிளார்க் அக்கா, அம்மா, மார்க்கர். 17 வருஷத்தில் எங்களுக்கு வந்த மிகப் பெரிய கூட்டம்.

ஆட்டத்தை விவரித்து அறுக்க மாட்டேன். அவன் வைப்பான், நான் ஓடுவேன். நான் அடிப்பேன், அவன் அங்கே நிற்பான். 5–5. என் சர்வீஸ். இரண்டு டியூஸுக்குப் பிறகு கேமை எடுத்தேன். 6–5.

வேலியோரம் ஒரே கூச்சல். போன் திரையைத் தூக்கிக் காட்டினார்கள். பச்சைப் பின்னணியில் பெரிய எழுத்து: 'செட் முடிந்தது. வெற்றி: சென்னை சார்.'

வாத்தியார் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "எலேய், ஆறு–அஞ்சுல எங்கலே செட் முடியும்? ரெண்டு வித்தியாசம் வேணும்லா!"

எனக்குத் தெரியாதா. ஆனாலும் அரை நிமிஷம் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். 9க்கு 9. ஒரு குலை செந்துளுவன். கணினி சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய?

அந்தப் பெண் அதற்குள் போனை வாங்கி நிரலைத் திறந்துவிட்டாள். 'கேம் ஆறு அல்லது மேல், எதிராளியைவிட அதிகம்' என்று எழுதியிருந்தார்கள். கேமுக்குப் போட்ட 'இரண்டு முன்னால்' என்பதை செட்டுக்குப் போடவில்லை. 6–2லும் 6–4லும் இது எப்படிப் பிடிபடும்? சோதிக்க வேண்டியது 6–5, 7–5, 6–6. சோதித்த ஆள் யார்? பிள்ளைகள் இல்லை, நான். அவள் வேலியில் முழங்கையை ஊன்றி, கட்டைவிரலால் ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பக்கத்தைப் புதுப்பித்தாள். பாயின்ட் வரிசை பத்திரமாக இருந்ததால் முதலிலிருந்து ஓடி, '6–5, ஆட்டம் தொடர்கிறது' என்று வந்தது. என் வெற்றிக்கு ஆயுள் இரண்டு நிமிஷம்.

அடுத்த கேமை அவன் ஒரு பாயின்ட்கூடத் தராமல் எடுத்தான். 6–6. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். "டை-பிரேக்க நாளைக்குன்னு நீங்கதான சார் சொன்னிய" என்றான் ஒரு பையன்.

டை-பிரேக்கை மார்க்கர் வாயால் எண்ணினார். 3–3இல் பக்கம் மாறினோம். இப்போது காற்று எனக்கு முதுகில், அவனுக்கு முகத்தில். 5–5. அவன் சர்வீஸ். நான் வலைக்கு ஏறினேன். அவன் ஒரு லாப் போட்டான், தலைக்கு மேலே, நல்ல உயரம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வெளியே போகிற பந்து. விட்டுவிட்டேன். ஆரல்வாய்மொழிக்குப் போகிற காற்று அதை நடுவானத்தில் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, திருப்பி அனுப்பியது. பேஸ்லைன் சுண்ணாம்பு புகைந்தது. மார்க்கர் குனிந்து தடத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கோட்டுல" என்றார்.

6–5. என் சர்வீஸ். முதல் சர்வீஸ் நீளம். இரண்டாவதுக்கு டாஸ் போடும்போது பந்து முன்னால் நகர்வது தெரிந்தது, செவ்வாய்க்கிழமை மார்க்கர் சொன்னதும் ஞாபகம் வந்தது, ஆனால் கை அதற்குள் இறங்கிவிட்டது. அதுவும் நீளம்.

அவன் 10, நான் 8. குலையை வடசேரியில் வாங்கினேன். பாதியைப் பிள்ளைகளே தீர்த்துவிட்டார்கள். அம்மா எனக்கென்று ஒரு சீப்பு மட்டியைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோற்றவனுக்கு அது.

ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வாத்தியார் தன் போனை நீட்டினான். அந்தப் பெண் அனுப்பியிருந்தாள். டை-பிரேக்கை முடித்துவிட்டாளாம். 7–6 வரைக்கும் சோதித்தாயிற்றாம். ஒரே ஒரு சந்தேகம்: "பாயின்ட் எப்படி வந்ததுன்னும் பதியலாமா சார்? டபுள் ஃபால்ட்டுக்குத் தனிக் குறி போடட்டுமா?"

வாத்தியார் பதிலை அடித்துக்கொண்டிருக்கிறான். என்ன அடிக்கிறான் என்று காட்ட மாட்டேன் என்கிறான்.